காந்தி ரோடு லாட்ஜுக்கு ஒரு வெப் சர்வர்: பூட்டுவதும் பராமரிப்பதும்

இருபது அறை லாட்ஜின் வெப்சைட்டை எவன் வந்து உடைக்கப்போகிறான் என்ற அலட்சியத்தில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. வேலூர் காந்தி ரோட்டிலோ காகிதப்பட்டறையிலோ லாட்ஜ் நடத்துபவரின் சர்வரில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை கணக்கெடுத்துப் பாருங்கள். சிஎம்சி மருத்துவமனைக்கு வைத்தியத்துக்காகக் கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வருகிறவர்கள் அறை புக் செய்யும்போதே ஆதார், பாஸ்போர்ட், விசா எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஏற்றிவிடுகிறார்கள். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை (ஃபாரம் சி என்று பழகிய படிவம்) அரசுக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால் லாட்ஜ்காரரும் கேட்டு வாங்கி வைக்கிறார். ஆக, அந்தச் சின்ன சர்வரில் மூட்டை மூட்டையாகப் பாஸ்போர்ட் நகல்கள். ஆம்பூர் ஷூ கம்பெனி, ராணிப்பேட்டை தோல் ஏற்றுமதியாளர் என்றால் அதே இடத்தில் இன்வாய்ஸும் பேங்க் விவரமும் இருக்கும். உடைக்க வருவது பெரும்பாலும் ஆள்கூட இல்லை, ஒவ்வொரு ஐபி முகவரியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும் ஸ்கிரிப்ட். அதற்கு லாட்ஜ் எது, பேங்க் எது என்று தெரியாது.

கீழே சொல்வதெல்லாம் ஒரு வாடகை விபிஎஸ்ஸுக்கு (கம்பெனியின் டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்): 2 ஜிபி ராம், இயங்குதளம் உபுண்டு 24.04, வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், நிரலுக்கு பிஎச்பி, டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல். என்ஜின்எக்ஸுக்குப் பதில் அப்பாச்சி வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். ஒரு பழக்கம் மட்டும் இதில் திரும்பத் திரும்ப வரும்: கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் எழுதியிருப்பதை நம்பி எழுந்துவிடாமல், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமையே கேட்பது. எழுதியது ஒன்று, ஓடுவது வேறொன்று என்பதுதான் சின்ன சர்வர்களின் முதல் வியாதி.

சர்வரை லாட்ஜிலேயே வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு கரண்டை நிறுத்தினால் மதியமோ சாயங்காலமோதான் வரும், ரிசப்ஷனில் இருக்கும் யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. தோல் ஷெட்டை ஒட்டிய ஆபீஸ் என்றால் இன்னொரு தொல்லை. முடி நீக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் போடும் சோடியம் சல்ஃபைடிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். ராம் ஸ்லாட்டும் மதர்போர்டும் காரணமே தெரியாமல் சாகும்.

உங்கள் கதவு முதலில்

தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்எச்சில் கை வைப்பதற்கு முன்னால், விபிஎஸ் கம்பெனியின் பேனலில் இருக்கும் கன்சோலைத் திறந்து உள்ளே நுழைய முடிகிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்எச் கதவு உங்களையே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டால் திரும்பி வர அது ஒன்றுதான் வழி. அந்தப் பேனலுக்கும், டொமைன் வாங்கிய கணக்குக்கும், இரண்டும் எந்த மெயிலில் இருக்கின்றனவோ அந்த மெயிலுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். சர்வரை எவ்வளவு இறுக்கினாலும் பேனலுக்குள் வந்தவன் ஒரே சொடுக்கில் டிஸ்கையே அழித்துவிடுவான். சைட் செய்து கொடுத்த தம்பியின் சொந்த மெயிலில் டொமைன் இருக்கும். அவரோ பெங்களூரு கம்பெனியில் சேர்ந்திருப்பார். அவர் நல்லவராகவே இருக்கட்டும், டொமைன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

இப்போது கீ: பாஸ்வேர்டுக்குப் பதிலாக, ரகசியப் பாதி உங்களிடமும் பொதுப் பாதி சர்வரிலும் இருக்கும் ஜோடி ஃபைல். உங்கள் கம்ப்யூட்டரில் இடி25519 வகையில் ஒரு ஜோடி உருவாக்குங்கள், பாஸ்ஃபிரேஸ் கட்டாயம் வையுங்கள். சர்வரில் சூடோ (நிர்வாகி) உரிமையுள்ள தனி யூசர் ஒன்றைத் திறந்து, பொதுக் கீயை அந்த யூசருக்கு ஏற்றுங்கள். கீயை ஏற்றியும் பாஸ்வேர்டே கேட்கிறது என்றால் பத்தில் ஒன்பது முறை காரணம் பெர்மிஷன்தான்: எஸ்எஸ்எச் ஃபோல்டர் 700, ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல் 600 என்று இருக்க வேண்டும், ஹோம் ஃபோல்டரில் குழுவுக்கோ மற்றவருக்கோ எழுதும் உரிமை இருக்கக்கூடாது. இருந்தால் எஸ்எஸ்எச் வாயே திறக்காமல் கீயை ஒதுக்கிவிடும். காரணத்தை ஆத் லாகில் (நுழைவுப் பதிவேட்டில்) மட்டும் எழுதி வைக்கும்.

கீ வேலை செய்த பிறகு இரண்டு மாற்றம்: ரூட் என்ற தலைமை யூசர் நேரடியாக நுழைவதை நிறுத்துவது, பாஸ்வேர்டு நுழைவை நிறுத்துவது. பலரும் ஏமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். முதன்மை கான்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷனுக்கு நேராக 'நோ' என்று மாற்றி, சர்வீஸை ரீலோட் செய்து, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஃபைலின் தலையிலேயே ஒரு இன்க்ளூட் வரி இருக்கிறது. அது பக்கத்திலுள்ள துணை ஃபோல்டரின் ஃபைல்களை முதலில் படிக்கச் சொல்கிறது. பல விபிஎஸ்களில் அங்கே 50 என்று தொடங்கும் கிளவுட் இனிட் ஃபைல் (விபிஎஸ் முதல்முறை எழும்போது தானாக எழுதப்படுவது) ஒன்று கிடக்கும், அதில் அதே அமைப்புக்கு 'யெஸ்' என்று இருக்கும். எஸ்எஸ்எச் எந்த அமைப்பிலும் முதலில் படித்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும், பின்னால் வருவதைக் கண்டுகொள்ளாது. நீங்கள் எழுதிய 'நோ' அங்கேயே கிடக்க, பாஸ்வேர்டு கதவு திறந்தே இருக்கும்.

எனவே உங்கள் மாற்றங்களை அதே துணை ஃபோல்டரில் 00 என்று தொடங்கும் தனி ஃபைலில் எழுதுங்கள். எழுதியபின் எஸ்எஸ்எச்டி கட்டளையை சின்ன 'டி' ஆப்ஷனோடு ஓட்டினால் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லும். ரீலோட் செய்தபின் பெரிய 'டி' ஆப்ஷனோடு ஓட்டினால், எல்லா ஃபைல்களையும் சேர்த்துப் படித்து முடிவில் எது செல்லுபடியாகிறது என்று முழுப் பட்டியலும் தரும். அதில் பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷன், கேபிடி இன்டராக்டிவ் ஆத்தென்டிகேஷன், பெர்மிட் ரூட் லாகின் மூன்றுமே 'நோ' என்று வர வேண்டும். அதோடு விடாமல் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து வேண்டுமென்றே கீ இல்லாமல் நுழைந்து பாருங்கள், பாஸ்வேர்டு கேட்காமலே துரத்த வேண்டும். இவ்வளவும் முடியும்வரை முதலில் திறந்த ஜன்னலை மூடாதீர்கள், சோதனையெல்லாம் இரண்டாவது ஜன்னலில்.

எஸ்எஸ்எச் காத்திருக்கும் வாசல் எண்ணான போர்ட் 22ஐ வேறு எண்ணுக்கு மாற்றுவதால் லாகில் சத்தம் குறையும், பூட்டு பலமாகாது. மாற்றியே தீருவேன் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: உபுண்டு 24.04இல் போர்ட்டில் காத்திருப்பது, சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டியின் சாக்கெட். எஸ்எஸ்எச் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் பழைய போர்ட்டிலேயே நிற்கும். சிஸ்டம்சிடிஎல் டீமன் ரீலோட் கொடுத்துவிட்டு எஸ்எஸ்எச் சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் ஒரு வரிக்கு ஓர் ஆள். வரியின் கடைசியில் யாருடைய கீ, எந்த லேப்டாப் என்று எழுதி வையுங்கள். யாருடையது என்றே தெரியாத வரி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். உரியவர் போன் செய்வார்.

யார் எந்த வாசலில் நிற்கிறார்கள்

வேலூர்க் கோட்டைக்குச் சுற்றிலும் அகழி, உள்ளே போக ஒரே வாசல். சர்வருக்கும் அதே கணக்குத்தான், ஆனால் எத்தனை வாசல் திறந்திருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். எஸ்எஸ் என்ற கட்டளையை 'டிஎல்என்பி' ஆப்ஷன்களோடு சூடோவில் ஓட்டினால் எந்த புரோகிராம் எந்த போர்ட்டில் காத்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். 127.0.0.1 என்று தொடங்கும் வரிகள் சர்வருக்குள் மட்டும் பேசுபவை. 0.0.0.0 என்றோ நட்சத்திரக் குறியோ இருந்தால் ஊருக்கே திறந்த வாசல். லாட்ஜ் சர்வரில் அப்படி இருக்க வேண்டியவை மூன்றே: எஸ்எஸ்எச்சுக்கு 22, வெப்சைட்டுக்கு 80, 443. மைஎஸ்க்யூஎல்லின் 3306, ரெடிஸ் என்ற கேஷ் புரோகிராமின் 6379 இரண்டும் 127.0.0.1இல் மட்டும் நிற்க வேண்டும்.

வாசல்களைக் காக்கும் ஃபைர்வாலுக்கு உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ போதும். வரிசை முக்கியம்: முதலில் 22, 80, 443ஐ அனுமதியுங்கள், பிறகு உள்வரும் மற்றதெல்லாம் மறுப்பு, கடைசியில் எனேபிள். 22ஐ மறந்துவிட்டு எனேபிள் செய்தவர்கள்தான் கன்சோலைத் தேடி ஓடுகிறவர்கள். புரோகிராம்களைத் தனித்தனி கன்டெய்னரில் ஓட்டும் டாக்கர் வைத்திருந்தால் இன்னும் உஷாராக இருங்கள். டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் அடிப்படை ஃபைர்வால் விதிகளில்) தனி வழியாகப் போகும், யூஎஃப்டபிள்யூ மறுத்திருந்தாலும் வெளியிலிருந்து எட்டும். ஸ்டேட்டஸ் பார்த்தால் எல்லாம் மூடியிருப்பதாகத்தான் தெரியும். டேட்டாபேஸ் கன்டெய்னரின் போர்ட்டைத் திறக்கும்போது முன்னால் 127.0.0.1 என்று சேர்த்து எழுதினால் அந்த ஓட்டை அடையும். பிறகு மொபைல் டேட்டாவில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து என்மேப் என்ற கருவியை வைத்து உங்கள் ஐபியைத் தட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து தெரிவதுதான் உண்மை.

இந்தியாவுக்கு வெளியிலிருந்து வருவதையெல்லாம் தடு என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேலூர் லாட்ஜுக்கு அது தற்கொலை: டாக்காவிலிருந்து அறை தேடுபவருக்கு வெள்ளைப் பக்கம் தெரியும், அவர் அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுவார். ஐரோப்பிய பையர்களை நம்பியிருக்கும் ஆம்பூர்க்காரருக்கும் இதே கதிதான்.

லாகைப் பார்த்து, திரும்பத் திரும்பத் தவறும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் வைக்கலாம். இயல்பில் 10 நிமிடத்துக்குள் 5 முறை தவறினால் 10 நிமிடம் தடை. உங்கள் மாற்றங்களை ஜெயில் டாட் லோக்கல் என்ற ஃபைலில் எழுதுங்கள். ஜெயில் டாட் கான்ஃபில் எழுதினால் அப்டேட் வரும்போது முட்டிக்கொள்ளும். எஸ்எஸ்எச்சுக்குத் தடையை ஒரு நாள்வரை நீட்டலாம். வெப்சைட் லாகினுக்கு அவ்வளவு கடுமை கூடாது. மொபைல் நெட்வொர்க்கில் ஏகப்பட்ட பேர் ஒரே ஐபியின் பின்னால் வருகிறார்கள், ஒருவர் பாஸ்வேர்டு மறந்ததற்கு ஒரு தெருவையே தடுத்துவிடுவீர்கள். கிளவுட்ஃப்ளேர் போன்ற இடைநிலைச் சேவையின் பின்னால் சைட் இருந்தால், என்ஜின்எக்ஸில் உண்மையான ஐபியை எடுக்கும் ரியல் ஐபி அமைப்பை முதலில் போடுங்கள். இல்லையென்றால் லாக் முழுக்க கிளவுட்ஃப்ளேரின் ஐபியே இருக்கும், ஃபெயில்2பேன் அதையே பிடித்து அடைத்து மொத்த சைட்டையும் படுக்கவைக்கும்.

சர்டிஃபிகேட்

சைட்டை எச்டிடிபிஎஸ்ஸில் கொடுக்க உதவும் இலவச லெட்ஸ் என்கிரிப்ட் சர்டிஃபிகேட் வழக்கமாக 90 நாள் செல்லும். அதை வாங்கித் தரும் சர்ட்பாட் புரோகிராம் ஒரு நாளைக்கு இரண்டு முறை எட்டிப் பார்த்து, காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே புதுப்பித்துவிடும். அதனால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்பெல்லாம் காலாவதி நெருங்கினால் லெட்ஸ் என்கிரிப்ட்டே மெயில் அனுப்பும், 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். இனி உங்கள் கண்காணிப்புதான்.

புதுப்பிப்பு நிற்பதற்கு மூன்று காரணம் அடிக்கடி வரும். பாதுகாப்பு என்று போர்ட் 80ஐ மூடிவிடுவது ஒன்று; டொமைன் உங்களுடையதுதானா என்ற லெட்ஸ் என்கிரிப்ட்டின் சோதனை அந்த வழியாகத்தான் வரும், அதைத் திறந்து வைத்து எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிட வேண்டுமே தவிர மூடக்கூடாது. இரண்டாவது, சர்வர் மாற்றியபோது ஏ ரெக்கார்டை (டொமைன் பெயரை ஐபியோடு இணைக்கும் பதிவு) மாற்றிவிட்டு ஐபிவி6க்கான நாலு ஏ ரெக்கார்டைப் பழைய சர்வரிலேயே விட்டுவிடுவது. சோதனை ஐபிவி6 வழியை முதலில் நாடும், பழைய சர்வரில் போய் முட்டும். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. புதுப்பிப்பு ஒழுங்காக நடந்து டிஸ்கில் புதுச் சர்டிஃபிகேட் இருக்கும், ஆனால் என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆகாததால் நினைவில் இருக்கும் பழையதையே கொடுத்துக்கொண்டிருக்கும். என்ஜின்எக்ஸ் பிளக்இன் வழியே எடுத்திருந்தால் அதுவே ரீலோட் செய்யும். வெப்ரூட் முறையில் (சோதனை ஃபைலை சைட் ஃபோல்டரில் வைக்கும் முறை) எடுத்திருந்தால், புதுப்பித்ததும் ஓடும் டிப்ளாய் ஹூக்கில் ரீலோட் கட்டளையை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ட்ரை ரன் ஆப்ஷனோடு ரினியூ ஓட்டிப் பார்த்தால் முதல் இரண்டும் பிடிபடும். மூன்றாவதைப் பிடிக்க வெளியிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் மூலம் சைட்டையே தொட்டு, கையில் கிடைக்கும் சர்டிஃபிகேட்டின் தேதியைப் பாருங்கள். தோல்வியானால் உடனே காரணம் தேடாமல் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 தோல்விக்கு மேல் போனால் காத்திருக்க வைப்பார்கள். சோதனைக்கென்று இருக்கும் ஸ்டேஜிங் முகவரியைப் பயன்படுத்துங்கள்.

காசு கொடுத்து வருடச் சர்டிஃபிகேட் வாங்குகிறவர்களுக்கும் நிம்மதி இல்லை. சர்டிஃபிகேட் கொடுப்பவர்களும் பிரவுசர் கம்பெனிகளும் சேர்ந்த சிஏ-பிரவுசர் ஃபோரத்தின் முடிவுப்படி அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். கையால் புதுப்பிக்கும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுவது நல்லது.

எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் வா என்று பிரவுசரிடம் சொல்லும் எச்எஸ்டிஎஸ் ஹெடரைப் போடுவதானால் முதலில் 300 வினாடி என்று போட்டு ஒரு வாரம் பாருங்கள், பிறகு 31536000 (ஒரு வருடம்). எடுத்த எடுப்பிலேயே சப்டொமைன்களையும் சேர்த்து வருடக்கணக்கில் போட்டுவிட்டு ஒரு சப்டொமைனில் சர்டிஃபிகேட் இல்லை என்றால், வந்து போன பிரவுசர்களில் அதை உடனே அழிக்க வழியில்லை. ஹெடர்களில் இன்னொரு குழி: என்ஜின்எக்ஸில் சர்வர் பிளாக்கில் ஐந்து ஹெடர் எழுதிவிட்டு, உள்ளேயிருக்கும் ஒரு லொகேஷனில் (குறிப்பிட்ட முகவரிப் பகுதிக்கான விதி) ஒரே ஒரு ஹெடரைச் சேர்த்தால், அந்த லொகேஷனுக்கு மேலேயுள்ள ஐந்தும் இறங்காது. எழுதிய ஃபைலைப் பார்த்தால் ஆறும் இருக்கும். கர்ல் கட்டளையை வைத்து ஹெடரை மட்டும் வாங்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பாஸ்போர்ட் போட்டோ எங்கே போகிறது

விருந்தினர் போனில் எடுத்த பாஸ்போர்ட் போட்டோ 3, 4 எம்பி இருக்கும். என்ஜின்எக்ஸ் இயல்பாக ஏற்கும் பாடி அளவு 1 எம்பி. தாண்டினால் 413 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பும். அதை 10 எம்பி ஆக்கினாலும் பிஎச்பியில் ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, மொத்த போஸ்ட்டுக்கு 8 எம்பி என்ற தனி வரம்பு உண்டு. மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்த மாற்ற வேண்டும். கட்டளை வரியில் பார்க்கும் பிஎச்பி அமைப்பு வேறு, வெப்சைட்டுக்காக பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம் படிக்கும் ஐஎன்ஐ ஃபைல் வேறு என்பதையும் மறக்காதீர்கள். கட்டளை வரியில் 10 என்று காட்டும், வெப்சைட்டில் 2தான் ஓடும்.

ஏற்றியது எங்கே சேர்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. வெப் ரூட்டுக்குள் (வெளியே காட்டும் ஃபைல்கள் இருக்கும் இடம்) அப்லோட்ஸ் என்று ஒரு ஃபோல்டர், அதில் விருந்தினரின் போன் நம்பரே ஃபைல் பெயர் என்று வைத்திருந்தால், நம்பரை மாற்றி மாற்றிப் போட்டு யார் பாஸ்போர்ட்டையும் இறக்கலாம். அடையாள ஆவணங்களை வெப் ரூட்டுக்கு வெளியே, எஸ்ஆர்வி போன்ற இடத்தில், ஊகிக்க முடியாத பெயரில் வையுங்கள். லாகின் செய்த ஊழியர் கேட்டால் மட்டும் பிஎச்பி எடுத்துக் கொடுக்கட்டும். வேலை முடிந்த நகல்களை அழிக்க, குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் ஒன்றைப் போடுங்கள். ஃபைண்ட் கட்டளையில் டெலீட் சேர்ப்பதற்கு முன் பிரிண்ட் போட்டு எதெதெல்லாம் போகப்போகிறது என்று பார்த்துவிட்டு. வைத்திருக்காத ஆவணத்தை யாராலும் திருட முடியாது.

அறைப் படங்கள் போன்ற பொதுவானவை வெப் ரூட்டில் இருக்கட்டும், ஆனால் அந்த ஃபோல்டரில் பிஎச்பி ஓடக்கூடாது. படம் என்ற பெயரில் பிஎச்பி ஃபைலை ஏற்றி அதையே பிரவுசரில் கூப்பிடுவதுதான் பழைய, இன்றும் பலிக்கும் தந்திரம். இங்கும் என்ஜின்எக்ஸ் ஒரு வேலை காட்டும். அப்லோட்ஸுக்கு சாதாரண லொகேஷன் எழுதினால், பிஎச்பிக்கென்று எழுதிய ரெகுலர் எக்ஸ்பிரஷன் (பெயரின் வடிவத்தைப் பொருத்தும் குறி) லொகேஷன் அதை மீறிவிடும். அப்லோட்ஸ் லொகேஷனுக்கு முன்னால் ^~ குறியைச் சேர்த்தால்தான் அங்கேயே நிற்கும். ஒரு வரி பிஎச்பி ஃபைலை நீங்களே அந்த ஃபோல்டரில் போட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். ஓடினால் இன்னும் மூடவில்லை என்று அர்த்தம். பார்த்ததும் அழித்துவிடுங்கள்.

பெர்மிஷன் பிரச்சினை என்றாலே எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 போடும் கை இருக்கிறதே, அதைக் கட்டிப்போட வேண்டும். ஃபைல்களின் சொந்தக்காரர் டிப்ளாய் செய்யும் யூசர், குழு வெப் சர்வரின் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, ஃபோல்டர் 755, ஃபைல் 644, பாஸ்வேர்டு உள்ள கான்ஃபிக் 640. வெப் சர்வர் எழுத வேண்டிய அப்லோட்ஸ், கேஷ் இரண்டுக்கு மட்டும் எழுதும் உரிமை. புள்ளியில் தொடங்கும் எதையும் வெளியே கொடுக்காதே என்று என்ஜின்எக்ஸிடம் சொல்லிவிடுங்கள், சர்ட்பாட்டுக்குத் தேவையான வெல்-நோன் ஃபோல்டரை மட்டும் விட்டுவிட்டு. வேர்ட்பிரஸ் என்றால் ஓசியில் கிடைக்கும் காசு தீம்களை நிறுவவே நிறுவாதீர்கள். அதில் பலவற்றில் பின்கதவு சேர்ந்தே வரும்.

அப்டேட்டும் கடிகாரமும்

உபுண்டுவின் அன்அட்டென்டட் அப்கிரேட்ஸ் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானே போடும். ஆனால் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் அப்டேட் டிஸ்கில் ஏறிவிட்டதால் ஓடும் கெர்னல் மாறிவிடாது, ரீபூட் வேண்டும். வார் ரன் ஃபோல்டரில் ரீபூட் ரிக்வயர்ட் என்ற ஃபைல் தோன்றியிருந்தால் அதற்குத்தான். தானாக ரீபூட் செய்யும் அமைப்பு இயல்பில் அணைந்திருக்கும், அதிகாலை நேரம் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். உபுண்டு 20.04க்கான இலவச ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதில் இன்னும் ஓடுபவர்கள் புது சர்வரில் நிறுவி மாற்றுவதே மேல், ஓடும் சர்வரிலேயே ஏற்றுவது பிஎச்பி பதிப்பு மாறி இரவு முழுக்கத் தூக்கத்தைக் கெடுக்கும்.

அதிகாலை என்றேன், யாருடைய அதிகாலை? விபிஎஸ் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் வரும். கிரானில் 2 மணி என்று எழுதினால் நமக்குக் காலை 7.30. ரயிலுக்குக் காட்பாடி போகிறவர்கள் ரிசப்ஷனில் கணக்கு முடிக்கும் நேரத்தில் பேக்கப் ஓடி சைட் திணறும். டைம்டேட்சிடிஎல் போட்டுப் பார்த்து ஏசியா கொல்கத்தாவுக்கு மாற்றினால், கிரான் சர்வீஸையும் ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

லாக் 14 நாள், கேட்பது 180 நாள்

2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும், கடிகாரம் என்ஐசி அல்லது என்பிஎல் என்ற அரசு நிறுவனங்களின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும், பட்டியலிட்ட வகை சைபர் சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்கிறது. உபுண்டுவில் என்ஜின்எக்ஸ் லாக் இயல்பாக 14 நாள்தான் தங்கும். எஸ்எஸ்எச் நுழைவுகள் இருக்கும் ஆத் லாக் வாரம் ஒன்றாக 4 வாரம். பழைய லாகைக் கழிக்கும் லாக்ரொட்டேட்டில் என்ஜின்எக்ஸுக்கு 14 என்பதை 190 ஆகவும், ஆத் லாகை எழுதும் ஆர்சிஸ்லாகுக்கு 4 என்பதை 27 ஆகவும் மாற்றுங்கள். சுருக்கி வைக்கும் அமைப்பு இருப்பதால் லாட்ஜ் சைட்டுக்கு இடம் அதிகம் பிடிக்காது. இரவில் ஒரு நகல் வேறு சர்வருக்கும் போகட்டும். உள்ளே வந்தவன் முதலில் அழிப்பது லாகைத்தான்.

லாகைப் படிக்கத் தெரிந்தால் பாதி பயம் போகும். பாஸ்வேர்டுகள் இருக்கும் டாட் என்வி, டாட் கிட், டபிள்யூபி-லாகின் என்று ஆயிரம் வரி வந்தாலும் கடைசியில் 404 (இல்லை) அல்லது 403 (அனுமதி இல்லை) என்று இருந்தால் அது வாசலில் மணி அடித்துவிட்டுப் போனவன். அதே டாட் என்வி வரியில் 200 (கொடுத்தாகிவிட்டது) என்று இருந்தால் நிலைமை வேறு: உங்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு போய்விட்டது, இப்போதே மாற்றுங்கள். அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் பிஎச்பியில் முடியும் பெயருக்கு போஸ்ட் வந்து 200 கிடைத்திருந்தால், உள்ளே ஆள் இருக்கிறான்.

டிஸ்க் நிரம்புவதைப் பற்றி நாலு வார்த்தை. டிஎஃப் கட்டளை இடம் இருப்பதாகக் காட்டியும் எழுத முடியவில்லை என்றால் 'ஐ' ஆப்ஷனோடு ஓட்டுங்கள், செஷன் ஃபைல்களால் ஐநோட் (ஃபைல்களின் எண்ணிக்கைக்கான வரம்பு) தீர்ந்திருக்கும். பெரிய லாகை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால் ஏதோ ஒரு புரோகிராம் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, எது என்று எல்எஸ்ஓஎஃப் கட்டளை சொல்லும். மைஎஸ்க்யூஎல் 8 பின்லாகை (டேட்டா மாற்றங்களின் பதிவு) இயல்பிலேயே 30 நாள் சேர்த்து வைக்கும், ரெப்ளிகா (நகல் டேட்டாபேஸ் சர்வர்) இல்லாத லாட்ஜுக்கு 3 நாள் போதும்.

ராம் கணக்கும் போடுங்கள். 2 ஜிபியில் சிஸ்டமும் மைஎஸ்க்யூஎல்லும் சேர்ந்து 800 எம்பி என்றால் மிச்சம் சுமார் 1200. ஒரு பிஎச்பி புராசஸ் 60 எம்பி என்றால் இருபது தாங்கும், எஃப்பிஎம்மின் மேக்ஸ் சில்ரன் (அதிகபட்ச புராசஸ்) 15 என்று நிறுத்துங்கள். 50 என்று போட்டால் கூட்டம் வரும் நாளில் கெர்னல் பெரிய உடம்பாகப் பார்த்து மைஎஸ்க்யூஎல்லைக் கொன்றுவிடும், சைட்டில் டேட்டாபேஸ் எரர் மட்டும் தெரியும்.

மீட்டுப் பார்க்காத பேக்கப்

தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்யும் பழைய பேச்சு ஒன்று உண்டு. கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டார். அந்தக் காலியிடத்துக்கு மீட்டுப் பார்க்காத பேக்கப்பைச் சேர்க்கலாம்.

டேட்டாபேஸின் நகலான மைஎஸ்க்யூஎல் டம்ப்பை சிங்கிள் டிரான்சாக்‌ஷன் ஆப்ஷனோடு எடுங்கள், புக்கிங் நடக்கும்போதும் டேபிள் பூட்டப்படாமல் ஒரே நொடியின் நிலை கிடைக்கும். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான வகையான இன்னோடிபி டேபிள்களுக்குத்தான் இது. டம்ப்பை, ஃபைலைச் சுருக்கும் ஜிசிப்புக்குப் பைப் செய்யும் ஸ்கிரிப்டில் பாஷின் பைப்ஃபெயிலை (வரிசையில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் அமைப்பு) இயக்கவில்லை என்றால், பாஸ்வேர்டு மாறி டம்ப் தோற்றாலும் ஜிசிப் ஜெயித்துவிடும், தினமும் சில பைட்டுகளுக்கு ஒரு காலி ஃபைல் உருவாகும், கிரானோ எல்லாம் நலம் என்று இருக்கும். ஃபைல் அளவு நேற்றையதைவிடப் பாதிக்குக் கீழே போனால் மெயில் அனுப்பும் ஒரு வரியைச் சேருங்கள்.

வெப் சர்வர் பேக்கப்பைத் தள்ளக்கூடாது, பேக்கப் மெஷின் வந்து இழுக்க வேண்டும். தள்ளுவதற்கான கீ சர்வரில் இருந்தால், சர்வரை உடைத்தவன் கையில் பேக்கப்பும் இருக்கும். பாஸ்போர்ட் நகல்கள் என்பதால் என்கிரிப்ட் செய்தே வையுங்கள், அந்தப் பாஸ்ஃபிரேஸை சர்வரில் மட்டும் வைக்காமல் காகிதத்தில் எழுதி லாட்ஜ் பெட்டகத்திலும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மணிக்கணக்கு வாடகையில் ஒரு விபிஎஸ் எடுத்து, வெறும் பேக்கப்பை மட்டும் வைத்து சைட்டை எழுப்பி, நேற்றைய கடைசி புக்கிங் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள். எத்தனை மணி நேரம் பிடித்தது என்று குறித்து வையுங்கள். முதலாளி கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.

உள்ளே வந்துவிட்டான் என்றால்

ரீபூட் செய்யாதீர்கள், சந்தேக ஃபைல்களை அழிக்காதீர்கள். முதலில் விபிஎஸ் பேனலில் முழு டிஸ்க் ஸ்னாப்ஷாட். பிறகு பேனலின் ஃபைர்வாலில் உங்கள் ஐபி தவிர மற்றெல்லாம் மூடல். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், 6 மணி நேரக் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. யாருடைய பணமாவது போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே போன்.

அந்த சர்வரைச் சுத்தம் செய்து திரும்ப ஓட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். கண்ட ஒரு பின்கதவை அழித்தால் காணாத இரண்டு கிரானிலோ ஆத்தரைஸ்டு கீஸிலோ இருக்கும். லாகை வைத்து எந்த நாள், எந்த வழியாக வந்தான் என்று கண்டுபிடித்து, அதற்கு முந்தைய பேக்கப்பைப் புது சர்வரில் எழுப்பி, வந்த வழியை அடைத்த பிறகே டொமைனைத் திருப்புங்கள். அதோடு டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, பேமென்ட் கேட்வே கீ, எஸ்எம்எஸ் கேட்வே கீ, மெயில் பாஸ்வேர்டு, ஊழியர்களின் லாகின் எல்லாம் புதிதாக. கேட்வே கீயை மறந்தவர்களுக்குத்தான் மாதக் கடைசியில் பில் வந்து விஷயத்தைச் சொல்லும்.